வாக்கு ஊரிலே, வாழ்வு இங்கே

நம்மவர் இருவர் இந்நகரில் சந்தித்தால் முதலில் எழும் வினா, "அண்ணாச்சிக்கு எந்த ஊர்?" என்பதே. தாராவியில் முப்பது ஆண்டு வாழ்ந்தவரும், மாட்டுங்காவிலேயே பிறந்து வளர்ந்தவரும், செம்பூரில் சொந்த வீடு வாங்கியவரும் இதற்குத் திருநெல்வேலிச் சீமையிலோ தஞ்சைத் தரணியிலோ உள்ள ஒரு சிற்றூரின் பெயரைத்தான் சொல்லுவர். இது குற்றமன்று, பெருமைக்குரியதே. ஆனால், "அண்ணாச்சிக்கு எந்த வார்டு?" என்று கேட்டுப் பாருங்கள். நம்முள் பெரும்பாலோர் விழிப்பர். அண்மைக்காலம் வரை விழித்தவர்களுள் இதை எழுதும் ரயில்வே குமாஸ்தாவும் ஒருவன்.

2025ஆம் ஆண்டு வைகாசியில், மழைக்கு முன்பு, தாராவியில் எங்கள் சந்தின் பொதுக் குழாயை ஒட்டிய சாக்கடை அடைத்துக்கொண்டது. கழிவுநீர் குழாயடி வரை தேங்கிற்று. இரண்டு குழந்தைகள் வயிற்றுப்போக்கால் படுத்துவிட்டன. ஆண்கள் ஒன்பது பேர் சேர்ந்து அரசியல் பிரமுகர் ஒருவரைக் காணச் சென்றோம். அவர் அன்பாகவே வரவேற்றுத் தேநீரும் வரவழைத்தார். பிறகு, "உங்கள் சந்தில் எத்தனை வாக்கு?" என்று வினவினார். நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். எண்ணிப் பார்த்தால், நாற்பத்திரண்டு வீடுகளுக்கும் சேர்த்து இங்கே பெயர் பதிந்தவர் பதினொருவர்! ஏனையோர் வாக்கெல்லாம் ஊரில் இருந்தன. அவர் மேற்கொண்டு ஒன்றும் பேசவில்லை. தேநீரைக் குடித்துவிட்டு எழுந்து வந்தோம்.

அவர் கேட்டது அறமென்று நான் கூறவில்லை. வாக்கில்லாதவன் வீட்டுக் குழந்தைக்கும் நோய் நோய்தானே? ஆயினும் அந்த வினா அன்றிரவு என்னை உறங்கவிடவில்லை.

மக்களாட்சி என்றவுடன் நம் மனம் டில்லிக்கும் சென்னைக்கும் ஓடுகிறது. ஆனால் நாம் காலையில் பிடிக்கும் தண்ணீர், நடக்கும் தெரு, குப்பை, சாக்கடை, சுடுகாடு ஆகிய அனைத்தும் மும்பை மாநகராட்சியின் பொறுப்பு. நம் பிள்ளைகள் தமிழில் படிக்கும் மாநகராட்சிப் பள்ளியும் அதனுடையதே. அம்மாநகராட்சியின் 2025-26ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டம் 74,000 கோடி ரூபாய்க்கு மேல். சிறிய மாநிலங்கள் சிலவற்றின் திட்டத்தைக் காட்டிலும் பெரியது. அந்தப் பணத்தில் எந்தத் தெருவுக்கு எவ்வளவு என்று பேசுகின்ற இடத்தில் நம் குரல் உண்டா என்பதே கேள்வி.

ஊராட்சி தமிழனுக்குப் புதிதன்று. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட உத்தரமேரூர்க் கல்வெட்டுக்கள் குடவோலை முறையை விரித்துரைக்கின்றன. ஊர் முப்பது குடும்புகளாகப் பிரிக்கப்பட்டு, ஓலைகளைக் குடத்திலிட்டு வாரிய உறுப்பினர் தேர்ந்தெடுக்கப்பட்டனர். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் மீண்டும் அதில் இடம்பெற இயலாது. எத்துணை நல்ல விதி! ஆனால் நிலமும் சொந்த மனையும் உடையவர்க்கே அன்று அந்தத் தகுதி இருந்தது. கூலி செய்தவனுக்கும் பெண்ணுக்கும் அக்குடத்தில் ஓலை இல்லை. இன்றோ மும்பை மாநகராட்சியின் 227 இடங்களில் 114 பெண்களுக்கென ஒதுக்கப்பட்டுள்ளன. முன்னோர் பெருமையைப் பேசும் நாம், அவர்களுள் பலருக்குக் கிட்டாத உரிமை நமக்குக் கிட்டியிருப்பதையும் எண்ணவேண்டும்.

இவ்வுரிமை மெல்ல மெல்லக் கீழிறங்கி வந்தது. இந்நகரை இன்றும் ஆளும் மாநகராட்சிச் சட்டம் 1888இல் இயற்றப்பட்டது. அதன் தொடக்கக் காலத்தில் வரி செலுத்துவோர்க்கே வாக்கு. சுதந்திரத்திற்குப் பின்னரே வயது வந்தோர் அனைவரும் அதைப் பெற்றனர். 1993 ஜூன் 1 அன்று நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டத்தின் 74ஆம் திருத்தம் நகராட்சிகளுக்கு அரசியல் சட்டப் பாதுகாப்பளித்தது. மூன்று லட்சமும் அதற்கு மேலும் மக்கள்தொகை உள்ள நகரங்களில் வார்டுக் குழுக்கள் வேண்டும் என்றும் விதித்தது. மும்பையின் வார்டுக் குழுவில் அப்பகுதி உறுப்பினர்களும் வார்டு அதிகாரியும் இருப்பர். பதிவு பெற்ற பொதுநலச் சங்கங்களிலிருந்தும் மூவர் வரை நியமிக்கப்படலாம் என்று சட்டம் இடமளிக்கிறது. சங்கம் என்றால் பொங்கல் விழாவும் பட்டிமன்றமும் மட்டும்தானா? நம் போன்றோரும் அந்த நாற்காலிக்கு உரியவர்களே என்பதை நாம் ஒருபோதும் எண்ணிப் பார்த்ததில்லை.

ஊரிலே கிராம சபை உண்டு. தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு முறை கூட்டப்படுகிறது. அங்கே எவரும் எழுந்து நின்று ஊராட்சித் தலைவரைக் கேள்வி கேட்கலாம். இந்நகரில் ஓர் உறுப்பினருக்கு, 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி, ஏறத்தாழ 55,000 மக்கள். இத்தனை பேர் மரத்தடியில் கூட இயலாது. ஆகவே இங்கே தனி மனிதன் குரல் எடுபடாது. கூட்டாகச் சேர்ந்தோர் குரலே எடுபடும்.

அதற்குச் சான்றுகள் உண்டு. 2007 தேர்தலில் ஜூஹூ பகுதிக் குடிமக்கள் சங்கங்கள் கூடி, எக்கட்சியையும் சாராத அடால்ஃப் டிசூசா என்பவரைத் தங்கள் வேட்பாளராக நிறுத்தி வெற்றியும் பெற்றன. அவர்கள் வசதி படைத்தோர், நமக்கு அது ஆகுமா என்பீர்கள். ஆயின் குடிசைவாசிகளின் கதையைக் கேளுங்கள். 2000ஆம் ஆண்டுக்குப் பின் எழுந்த குடிசைகளுக்குக் குடிநீர் இணைப்பு மறுக்கப்பட்டு வந்தது. பானி ஹக் சமிதி என்னும் அமைப்பு உயர்நீதிமன்றம் சென்றது. குடிநீர் வாழ்வுரிமையின் பகுதி, சட்டத்திற்குப் புறம்பான குடிசையில் வாழ்வோர்க்கும் அதை அறவே மறுக்கலாகாது என்று 2014 டிசம்பரில் தீர்ப்பாயிற்று. அனைவர்க்கும் தண்ணீர் என்ற கொள்கையை மாநகராட்சி 2022இல் அறிவித்தது. எட்டு ஆண்டுகள்! உரிமை வந்தது, ஆனால் விடாது தட்டியவர்க்கே கதவு திறந்தது.

கதவே சாத்தப்பட்டிருந்த காலமும் உண்டு. 2022 மார்ச்சில் பழைய உறுப்பினர்களின் காலம் முடிந்தது. அடுத்த தேர்தலுக்கான வாக்குப்பதிவு 2026 ஜனவரி 15 அன்றுதான் நடைபெற்றது. இடைப்பட்ட காலமெல்லாம் ஆணையரே நிர்வாகி. தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர் ஒருவரும் இல்லை. நம்முள் எத்தனை பேர் அந்த வெறுமையை உணர்ந்தோம்? வாக்கே இங்கில்லாதவனுக்குத் தேர்தல் நடந்தால் என்ன, நடவாவிட்டால் என்ன?

தேர்தல் அறிவித்த பின் விழித்தவர்களும் ஏமாந்தனர். 2025 ஜூலை 1 அன்றிருந்த பட்டியலே அத்தேர்தலுக்கு எடுத்துக்கொள்ளப்பட்டது. வண்டி புறப்பட்ட பின் டிக்கெட் வாங்கி என்ன பயன்?

பெயரை இங்கே மாற்றிக்கொள்ளச் சொன்னால் நம்மவர் தயங்குகின்றனர். "ஊர்ப் பட்டியலில் பெயர் போனால் தொப்புள்கொடி அறுந்தது போலாகுமே" என்றார் எங்கள் சந்துப் பெரியவர் ஒருவர். அவர் கண் கலங்கியதை நான் கண்டேன். கேலி செய்ய மனம் வரவில்லை. ஆனால் அன்பர்களே, வாக்காளர் பட்டியலுக்கும் நிலப் பட்டாவுக்கும் தொடர்பில்லை. குலதெய்வக் கோயிலில் வரி கட்டும் உரிமையும் அதனால் போய்விடாது. வழக்கமாக எங்கே வசிக்கிறோமோ அங்கேயே பெயர் பதியவேண்டும் என்பதும், இரண்டு இடத்தில் பதிதல் கூடாது என்பதும் 1950ஆம் ஆண்டுச் சட்டம். வீடு மாறியவர்க்குப் படிவம் 8. முதன்முறை பதிவோர்க்குப் படிவம் 6. இரண்டிடத்தும் பெயர் வைத்துக்கொள்வது சாமர்த்தியமன்று, குற்றம்.

இனி, எங்கள் சாக்கடை என்னவாயிற்று என்று கேட்பீர்கள். ஆண்கள் தேநீர் குடித்துத் திரும்பிய மறுநாள் என் மனைவியும் சந்துப் பெண்களும் கூடினர். அடுத்த வீட்டு மராட்டிய அம்மையார் மராட்டியில் மனு எழுதிக் கொடுத்தார். வீட்டுக்கொருவராக முப்பத்தாறு கையொப்பங்கள் சேர்ந்தன. "மனுவைக் கொடுத்துவிட்டு வந்துவிடாதே, வரவு எண் கேட்டு வாங்கு," என்று மட்டும் நான் சொல்லி அனுப்பினேன். என் தொழிலில் கற்ற பாடம் அது ஒன்றே: எண் இடப்படாத காகிதம் அலுவலகத்தில் பிறக்காத குழந்தை. அந்த எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு அவர்கள் மூன்று முறை வார்டு அலுவலகத்திற்கு நடந்தனர். மூன்றாம் முறைக்குப் பின் ஆட்கள் வந்து அடைப்பை நீக்கினர்.

மனுவிற்கு வாக்குத் தேவையில்லை. இது எவர்க்கும் உள்ள வழி. ஆனால் அடைப்பை நீக்குவது வேறு, பழைய சாக்கடையையே மாற்றிப் புதிது கட்டுவது வேறு. முன்னது மனுவால் கைகூடும். பின்னதற்குத் திட்டத்தில் பணம் ஒதுக்கவேண்டும். அதை ஒதுக்குமிடத்தில் நமக்காகப் பேசக் கடமைப்பட்டவர் ஒருவர் வேண்டும். மனு ஒரு கால், வாக்கு மறு கால். ஒற்றைக் காலால் எத்தனை தூரம் நடப்பது?

நம் சங்கத்தார்க்கு ஒரு விண்ணப்பம். ஞாயிறுதோறும் சங்கக் கூடத்தில் ஒரு மேசையும், படிவங்களும், நிரப்பத் தெரிந்த இளைஞர் இருவரும் இருந்தால் போதும். தாராவியார் ஜி வடக்கு அலுவலகத்தையும், மாட்டுங்காவார் எஃப் வடக்கையும், செம்பூரார் எம் மேற்கையும் அறிந்துகொள்ளட்டும். எங்கள் சந்தில் பதினொன்றாக இருந்த எண்ணிக்கை இன்று இருபத்தேழு. அவற்றுள் ஒன்று அந்தப் பெரியவருடையது.

அவரிடம் இப்போதும் ஊரைக் கேட்டால் தென்பாண்டிச் சீமையைத்தான் சொல்லுவார். வார்டைக் கேட்டால், அதையும் சொல்லுவார்.