கோட்டைக்குள் எத்தனை நாள் சோறு?

ஹெல்ம்ஸ் டீப் போரைத் திரையில் பார்த்து வியந்தவர்களிடம் எர்க்கன்பிராண்ட் யார் என்று கேட்டால் பெரும்பாலும் உதட்டைப் பிதுக்குவார்கள். 2002-ல் வந்த ‘தி டூ டவர்ஸ்’ படத்தில் அந்தப் பாத்திரமே இல்லை. கொட்டும் மழை, மதிலில் சாயும் ஏணிகள், வெடித்துச் சிதறும் கற்கள், விடியலில் மலைச்சரிவில் பாய்ந்து இறங்கும் குதிரைப்படை என்று எல்லாம் இருக்கின்றன. அந்த மதிலை முன்கூட்டியே செப்பனிட்டு வைத்தவன் மட்டும் இல்லை. டோல்கீன் எழுதிய நாவலில் அந்தக் கோட்டையே அவனுடையது.

மிகுபுனைவுக் கதைகளில் வாசகர்கள் விரும்பிப் படிக்கும் பாத்திரங்களில் ஒன்று, எதிரி சூழ்ந்த சின்ன நிலப்பரப்பைக் கட்டிக் காக்கும் தலைவன். அவனிடம் ஆள் பலம் குறைவு, அவகாசம் அதைவிடக் குறைவு. யாரைக் காப்பது, எதை விட்டுக்கொடுப்பது என்று அவன் முடிவெடுத்தாக வேண்டும். இந்த முடிவுகளில் கடினமானவை மதில்மேல் வாளோடு நிற்கும்போது எடுக்கப்படுவதில்லை. எதிரி வருவதற்குப் பல நாள் முன்பே, தானியத்தையும் மாடுகளையும் கிழவர்களையும் குழந்தைகளையும் எங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பது என்ற இடத்திலேயே எடுக்கப்பட்டுவிடுகின்றன. அந்த இடத்தைத்தான் திரை வடிவங்கள் முதலில் வெட்டுகின்றன.

எர்க்கன்பிராண்டின் நிலம் வெஸ்ட்ஃபோல்ட். ரோஹன் நாட்டின் மேற்கு எல்லை. தலைநகரில் மன்னன் தியோடன், கூடவே இருந்து குழிபறித்த அமைச்சனின் பேச்சில் முடங்கிக் கிடந்த காலம் அது. எல்லையில் போரின் வாடை அடிக்கத் தொடங்கியதும் எர்க்கன்பிராண்ட் மதிலைப் பழுதுபார்த்துக் கோட்டையை வலுவாக்கினான் என்று டோல்கீன் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டு நகர்கிறார். மதில் 20 அடி உயரம், அதன்மேல் நான்கு பேர் தோளோடு தோள் சேர்ந்து நடக்கலாம் என்ற கணக்கையும் அவரே தருகிறார்.

இதைவிட முக்கியமான கணக்கு வேறொருவர் வாயிலாக வருகிறது. முடக்கத்திலிருந்து மீண்டெழுந்த மன்னனின் படை இரவில் வந்து சேரும்போது கோட்டையில் எர்க்கன்பிராண்ட் இல்லை. எல்லை ஆற்றுத்துறையில் அதற்கு முன் நடந்த போரில் அவன் என்ன ஆனான் என்று யாருக்கும் தெரியாது. காவலுக்கு நிற்பவர் கேம்லிங் என்ற முதியவர். சண்டை போடக்கூடியவர்கள் ஓர் ஆயிரம் பேர் இருக்கலாம் என்கிறார் அவர். அதிலும் பாதிக்கு மேல் தன்னைப் போன்ற கிழவர்கள் அல்லது தன் பேரனைப் போன்ற சிறுவர்கள் என்பதை மறைக்காமல் சொல்கிறார். அடுத்து அவர் சொல்வதை நிறுத்திப் படிக்க வேண்டும். வெஸ்ட்ஃபோல்ட் மக்களில் நான்கில் மூன்று பங்கினர் பின்னால் உள்ள குகைகளில் இருக்கிறார்கள். ஏராளமான உணவு, கால்நடைகள், அவற்றுக்கான தீவனம் எல்லாம் அங்கே சேர்த்து வைக்கப்பட்டிருக்கின்றன.

தீவனம் வரை யோசித்திருக்கிறான்! மாட்டை ஓட்டி வந்து குகைக்குள் கட்டிவிட்டால் மட்டும் போதாது, மறுநாள் காலை அதற்கு வைக்கோல் வேண்டும் என்று தெரிந்த ஆள் அவன். ஒரு சமவெளி முழுக்கச் சிதறிக் கிடந்த ஊர்களைக் காலிசெய்ய வைத்து, விளைந்ததை வண்டிகளில் ஏற்றி, மலைப்பிளவுக்குள் கொண்டுவந்து சேர்ப்பது ஓர் இரவு வேலையா? வீட்டையும் வைக்கோல் போரையும் விட்டு வரமாட்டேன் என்று எத்தனை பேர் மல்லுக்கட்டியிருப்பார்கள்! நாவல் அதையெல்லாம் விரித்துச் சொல்லவில்லை. ஆனால் அன்றிரவு கோட்டையை நோக்கி விரைந்தவர்கள் திரும்பிப் பார்த்தபோது கண்ட காட்சியைச் சொல்கிறது. பள்ளத்தாக்கு நெடுகிலும் தீ. வைக்கோல் போர், குடிசை, மரம் என்று ஒன்றையும் விடாமல் கொளுத்திக்கொண்டே வருகிறது எதிரிப்படை. செழிப்பான பூமி, எத்தனையோ குடிகள் வாழ்ந்த பூமி என்று மன்னன் கலங்குகிறான்.

நான்கில் மூன்று பங்கு குகைக்குள் என்றால் மீதி ஒரு பங்கு? அந்தக் கேள்விதான் இந்தத் தலைவனின் சுமை. எல்லாரும் வந்து சேரும்வரை காத்திருந்தால் ஆற்றுத்துறையில் படை இல்லாமல் போகும். படையை வைத்துக்கொண்டு ஊரைக் கூட்டாமல் விட்டால் காப்பதற்கு யாரும் மிஞ்ச மாட்டார்கள். வயலும் வீடும் எரியட்டும், ஆளும் மாடும் பிழைக்கட்டும் என்பதே அந்த ஏற்பாட்டின் பொருள். வாள்வீச்சைவிட நெஞ்சுரம் அதிகம் வேண்டிய முடிவு இது.

படத்தில் கதை வேறு. கோட்டையைக் காப்பவர்கள் முந்நூறு பேர். எதிரி பத்தாயிரம். தலைநகரத்துப் பெண்களும் குழந்தைகளும் மன்னனோடு நடந்தே அந்தக் கோட்டைக்கு வருகிறார்கள். நாவலில் மன்னன் தன் தலைநகர மக்களை தங்கை மகள் எயோவினின் பொறுப்பில் டன்ஹாரோ என்ற வேறொரு மலைப்புகலிடத்துக்கு அனுப்பிவிடுகிறான். போர் நடக்கும் இடம் ஒன்று, மக்கள் பதுங்கும் இடம் இன்னொன்று என்ற எச்சரிக்கை அதில் இருக்கிறது. மூன்று மணி நேரப் படத்தில் எல்லாவற்றையும் காட்ட முடியாது என்பார்கள். சரிதான். ஆனால் வெட்டப்பட்டது எது என்று பார்த்தால் ஒவ்வொரு முறையும் அது சோறாகவும் வண்டியாகவும் பாதையாகவுமே இருக்கிறது.

அதே கதையின் அடுத்த பாகத்தில் வரும் இன்னொரு நாட்டின் தலைநகர் மினாஸ் டிரித்தையே எடுத்துக்கொள்ளலாம். படத்தில் முற்றுகை நடக்கும்போது தெருக்களில் பெண்களும் குழந்தைகளும் சிதறி ஓடுகிறார்கள். நாவலில் அவர்களில் மிகப் பெரும்பாலோர் முன்பே வெளியேற்றப்பட்டுவிட்டார்கள். முதியவர்களையும் குழந்தைகளையும் அவர்களோடு போயாக வேண்டிய பெண்களையும் ஏற்றிய கூண்டு வண்டிகள் தெற்கே லாஸர்னாக் பக்கம் நீளமாகப் போவதை நகருக்குப் புதிதாக வந்த பிப்பின் மதில்மேல் இருந்து பார்க்கிறான். நண்பகலுக்குள் எல்லா வண்டிகளும் நகர வாசலைத் தாண்டியிருக்க வேண்டும், சாலை மூன்று மைல் தூரத்துக்கு வெறுமையாக இருக்க வேண்டும் என்பது உத்தரவு. காரணம் எளிது. அதே சாலையில்தான் உதவிப்படைகள் உள்ளே வர வேண்டும். ஒரே பாதை, இரண்டு திசைப் போக்குவரத்து. இதைச் சிந்தித்து நேரம் குறித்தவன் நகரின் ஆட்சியாளன் டெனத்தோர். மகனை எரிக்கத் துணிந்த பித்தனாக மட்டுமே திரை அவனை நினைவில் நிறுத்தியிருக்கிறது. அந்தக் கொடுமை நாவலிலும் உண்டு. அதே மனிதன் சில நாள் முன்பு ஒரு நகரத்தின் குழந்தைகளை உயிரோடு வெளியேற்றியவன் என்பதும் நாவலில் உண்டு.

அன்று மாலை உதவிப்படைகள் வந்தபோது வாசலில் நின்ற மக்கள் ஆவலோடு எண்ணிப் பார்த்தார்கள். லாஸர்னாக்கின் பருத்த தலைவன் ஃபோர்லாங் முதலில் வந்தான். ஆரவாரத்தோடு வரவேற்றார்கள். அவன் பின்னால் இருநூறு பேர். அதைப்போல் பத்து மடங்கு வரும் என்று காத்திருந்தவர்களின் முகம் வாடியது. ஒவ்வொரு சீமைத் தலைவனும் இப்படியே கொஞ்சம் பேரோடு வந்தான். மொத்தம் மூவாயிரத்துக்கும் குறைவு. கோழைத்தனம் காரணமில்லை. கடல்வழியாக எதிரிக் கப்பல்கள் வருவதாகச் செய்தி. சொந்தக் கரையை வெறுமையாக விட்டுவிட்டுத் தலைநகரைக் காக்க எந்தத் தலைவன் மொத்தப் படையையும் கூட்டி வருவான்? தன் ஊரா, தலைநகரமா என்ற கேள்விக்கு அவர்கள் ஒவ்வொருவரும் தனித்தனியே விடை தேடியிருக்கிறார்கள். படத்தில் இந்த அணிவகுப்பு அடியோடு இல்லை.

இந்தக் கேள்விக்குத் தவறான விடை சொன்னவன் ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டினின் நாவல் வரிசையில் வரும் ராப் ஸ்டார்க். தந்தைக்கு நேர்ந்த அநீதிக்கு எதிராக வடநாட்டுப் படையைத் திரட்டிக்கொண்டு தெற்கே போகிறான். களத்தில் ஒரு சண்டையிலும் தோற்கவில்லை. ஆனால் சொந்த வீடான விண்டர்ஃபெல்லில் காவல் மெலிந்து கிடக்கிறது. தாய் தடுத்தும் கேளாமல், தன்னோடு வளர்ந்த தியோனைத் தூதனாக அவன் தந்தையிடம் அனுப்புகிறான். அந்த தியோனே சின்னக் கூட்டத்தோடு வந்து, இருந்த கொஞ்சக் காவலையும் வேறிடத்துக்கு இழுத்துவிட்டு, இரவில் சுவரேறிக் கோட்டையைப் பிடித்துக்கொள்கிறான். 1998-ல் வந்த இரண்டாம் பாகத்தில் அதற்குச் சில அத்தியாயங்கள் முன்பு, விண்டர்ஃபெல்லின் அறுவடை விருந்துக்கு வரும் தலைவர்களோடு குளிர்காலத்துக்கான தானியச் சேமிப்பு பற்றிப் பேச்சு நடக்கிறது. அங்கே உட்கார்ந்திருப்பவன் ராப் அல்ல, நடக்க முடியாத அவன் தம்பி பிரான். அண்ணன் வாகை சூடிக்கொண்டிருந்த நேரத்தில் தானியச் சேமிப்பைப் பற்றி யோசித்தது ஒரு சிறுவன். மூன்றாம் பாகத்தில் ராப் கொல்லப்படும் சிவப்புத் திருமணம் எல்லாருக்கும் நினைவிருக்கிறது. இந்தத் தானியப் பேச்சு எத்தனை பேருக்கு நினைவிருக்கிறது?

டோல்கீனுக்கு இந்த நினைப்பு எங்கிருந்து வந்தது என்று அறுதியிட்டுச் சொல்வது சரியாகாது. தன் கதை சமகாலப் போரின் உருவகம் அல்ல என்று அவரே மறுத்திருக்கிறார். ஆனால் 1916-ல் சோம் போர்க்களத்தில் செய்தித்தொடர்பு அதிகாரியாக இருந்தவர் அவர். நாவலை 1937 டிசம்பரில் தொடங்கி 1949 வாக்கில் முடித்தார். இடையே 1939 செப்டம்பரின் முதல் சில நாட்களில் பிரிட்டிஷ் நகரங்களிலிருந்து சுமார் 15 லட்சம் பேர், பெரும்பாலும் குழந்தைகளும் தாய்மார்களும், ரயிலேற்றி ஊர்ப்புறங்களுக்கு அனுப்பப்பட்டார்கள். அந்த நாட்டில் வாழ்ந்தபடி எழுதியவருக்கு, போர் என்றால் முதலில் யார் வண்டியேற வேண்டும் என்பது தெரியாமல் இருந்திருக்காது.

ஹெல்ம்ஸ் டீப் கோட்டைக்கே ஒரு பழைய காயம் உண்டு. எர்க்கன்பிராண்டுக்கு ஏறத்தாழ 260 ஆண்டுகளுக்கு முன், போரில் தோற்ற மன்னன் ஹெல்ம் அவசர அவசரமாக அதற்குள் புகுந்தான். வெளியே எதிரி, கூடவே நெடுங்குளிர். உள்ளே பஞ்சம். மன்னனின் இளைய மகன் ஹாமா வேறு வழியின்றி ஆட்களோடு வெளியே போய்ப் பனியில் காணாமல் போனான். பின்னிணைப்பில் சில பத்திகளாக இருந்த இந்தக் கதைதான் 2024-ல் ‘தி வார் ஆஃப் த ரோஹிரிம்’ என்ற அனிமேஷன் படமானது. பசியால் நொந்த கோட்டையைத் தன் இருப்பிடமாகக் கொண்டவன் தீவனம் வரை சேர்த்து வைத்ததில் வியப்பில்லை.

நம் வாசகர்களுக்கு இது புதிய செய்தியும் அல்ல. ஆவூர்க் கோட்டைக்குள் கதவடைத்துக் கிடந்த நெடுங்கிள்ளியிடம் கோவூர் கிழார் போய் நின்று பேசியதைப் புறநானூறு பதிவு செய்திருக்கிறது. அவர் படைக்கணக்கு பேசவில்லை. கவளமில்லாத யானையையும் பாலில்லாமல் அழும் குழந்தையையும் சுட்டிக்காட்டி, கதவைத் திற அல்லது போரிடு என்றார். முற்றுகை பற்றிய கதையில் வயிற்றுக்கு இடம் தந்த மரபு நமக்கு இருக்கும்போது, இன்று தமிழில் வரும் சரித்திரத் தொடர்களும் படங்களும் வாள் சுழற்றலையே கட்டிக்கொண்டு அழுவது வருத்தமாக இருக்கிறது. கோட்டைக்குள் கிணறு எத்தனை, நெல் எத்தனை மூட்டை, மடியில் பிள்ளையோடு வந்தவள் எங்கே படுத்தாள் என்று ஒரு காட்சி வைத்தால் கதையின் வேகம் குறையாது. யாருக்காகப் போர் நடக்கிறது என்பது அப்போதுதான் பார்ப்பவருக்கு உறைக்கும்.

டோல்கீனின் நாவலுக்குத் திரும்புவோம். விடியலில் ஆயிரம் காலாட்களோடு எர்க்கன்பிராண்ட் மலைச்சரிவில் தோன்றும்போது கையில் சிவப்புக் கேடயம், கரிய ஊதுகொம்பு. போர் முடிகிறது. ஆனால் அவன் வேலை முடியவில்லை. எதிரிப்பக்கம் நின்று சரணடைந்தவர்களில் டன்லண்ட் மலைநாட்டு மனிதர்களும் இருந்தார்கள். பல தலைமுறைக்கு முன் தங்கள் முன்னோரிடமிருந்து நிலத்தைப் பறித்தவர்கள் என்று ரோஹன்காரர்கள்மேல் அவர்களுக்குத் தீராத பகை. சரணடைந்தவர்களை ரோஹன்காரர்கள் உயிரோடு எரிப்பார்கள் என்று சொல்லித்தான் எதிரித் தலைவன் அவர்களைப் போருக்கு அனுப்பியிருந்தான். எர்க்கன்பிராண்ட் அவர்களுக்கு விதித்தது இரண்டே நிபந்தனை. நீங்கள் சேர்ந்து செய்த அழிவைச் சீர்செய்ய முதலில் உதவுங்கள். பிறகு ஆயுதத்தோடு இந்த ஆற்றைத் தாண்டுவதில்லை, மனிதகுலத்தின் எதிரிகளோடு சேர்வதில்லை என்று சத்தியம் செய்துவிட்டு ஊருக்குப் போங்கள். அவர்கள் திகைத்துப் போனார்கள்.

தன் சமவெளி முழுக்கக் கரிந்து கிடக்கும்போது, அதைக் கரித்தவர்களின் கையிலேயே கடப்பாரையைக் கொடுத்தான் அந்த வெஸ்ட்ஃபோல்ட் தலைவன். இறந்த மலைநாட்டார் தனியே ஒரு மேட்டின் கீழ் அடக்கம் செய்யப்பட்டார்கள். உழைக்க வந்தவர்களுக்கும் குகையில் சேர்த்த அதே தானியத்திலிருந்துதான் சோறு போட்டிருக்க வேண்டும். எரிந்த பூமியில் அன்று வேறு தானியம் ஏது?