காக்கை என்னும் ஒப்பொலிச் சொல்

பறவைகளின் பெயர்களுட் பல அவற்றின் ஒலியைப் பின்பற்றித் தோன்றியவை என்பது யாவரும் உடன்படுவதே. ஆயின் ஒரு சொல்லை 'ஒப்பொலிச் சொல்' என்று குறித்த அளவில் அதன் வரலாறு கூறப்பட்டதாகாது. ஒலி எந்நிலையிற் சொல்லாயிற்று, அச்சொல் மொழியின் ஒலித்திரிபு விதிகளுக்கு உட்பட்டதா, அண்டை மொழியில் அதனை ஒத்த சொல் காணப்படின் எது எதனிடம் பெற்றது என்னும் வினாக்கள் எஞ்சி நிற்கின்றன. இவ்வினாக்களைக் காக்கை என்னும் ஒரு சொல்லின்மேல் வைத்து ஆராய்தல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. பழைய வழக்காடல்

இச்சொல்லைப் பற்றிய கருத்து வேறுபாடு மிகப் பழையது. யாஸ்கர் இயற்றிய நிருக்தத்தின் மூன்றாம் அத்தியாயத்தில் காகம் என்னும் பெயர் ஆராயப்படுகின்றது. அது ஒலியைப் பின்பற்றி அமைந்தது என்பதும், பறவைப் பெயர்களில் இவ்வாறு அமைதல் மிகுதி என்பதும் அவர் கொள்கை. ஒலியைப் பின்பற்றிச் சொல் அமைவதே இல்லை என்ற ஔபமன்யவரின் மறுப்பையும் அவர் உடன் குறித்துள்ளார். துரத்தப்படவேண்டிய பறவையாதலின் அப்பெயர் வந்தது என்று வினையடியொன்றைக் காட்டுவது ஔபமன்யவர் கூற்று.

இவ்விரு போக்குகளும் இன்றும் மறையவில்லை. தமிழ்ச் சொல்லைக் 'கா' என்னும் காத்தற்பொருள் வினையொடு இணைத்துப் பொருள் காண முற்படின், அதுவும் ஔபமன்யவர் சென்ற நெறியே ஆகும். தொல்காப்பியர் எல்லாச் சொல்லும் பொருள் குறித்தன என்று கூறியபின், அப்பொருளுக்குரிய காரணம் வெளிப்படையாய்த் தோன்றாது எனவும் கூறியுள்ளமை ஈண்டு நினைக்கத்தக்கது. காரணம் புலப்படாவிடத்து ஒன்றைப் புனைந்துரைத்தல் ஆராய்ச்சியாகாது. ஆயின் காக்கையின் பெயர்க்காரணம் நாள்தோறும் நம் செவியில் விழுவது. ஆதலின் யாஸ்கர் கூற்றையே அடிப்படையாகக் கொள்ளலாம்.

2. ஒலியும் சொல்லும்

ஒலியைப் பின்பற்றுதல் வேறு. ஒலிவழிப் பெயரமைத்தல் வேறு. இவற்றின் எல்லையைத் தமிழ் இலக்கணமே காட்டுகின்றது. 'என' என்னும் இடைச்சொல் வரும் இடங்கள் ஆறனுள் இசையும் ஒன்று எனத் தொல்காப்பியர் இடையியலுள் வகுத்துள்ளார். 'காகாவெனக் கரைந்தது' என்னுமிடத்துக் 'காகா' என்பது பறவையின் ஒலியே. 'என' என்பதன் துணையின்றி அது தொடருள் நில்லாது. 'காக்கை கரைந்தது' என்னுமிடத்தோ அவ்வொலி பெயராகி எழுவாயாய் நிற்கின்றது. காக்கையை, காக்கைக்கு என வேற்றுமை ஏற்கின்றது. காக்கைச்சிறகு எனத் தொகையாகின்றது. ஐகார ஈறு பெற்றமையால் யானை, தவளை முதலிய பெயர்களோடு ஒரு வரிசையில் வைத்தெண்ணப்படுகின்றது.

இடையிலுள்ள ககர இரட்டிப்பும் கருதத்தக்கது. தமிழில் உயிர்களுக்கிடையே தனித்து வரும் ககரம் மெலிந்து ஒலிக்கும். அது வல்லோசை குன்றாது நிற்க வேண்டுமாயின் இரட்டித்தல் வேண்டும். பறவையின் ஒலியில் இரண்டாம் முறை வரும் ககரமும் வல்லென்றதே. ஆகவே காக்கை என்பது, பறவை எழுப்பும் ஒலியைத் தமிழ் தன் ஒலியமைதிக்கு ஏற்பப் பதிவு செய்த வடிவம் எனலாம். காகம் என்னும் வடிவம் இவ்வகையினதன்று. அகர ஈற்று வடசொல் தமிழில் மகர ஈறு பெறுவது பெருவழக்கு. இடைநின்ற ஒற்றைக் ககரம் தமிழர் நாவில் மெலிந்து, பறவையின் ஒலியினின்று அகன்றுவிடுகின்றது. ஒரே பறவையைக் குறிப்பினும் இவ்விரு வடிவங்களும் வெவ்வேறு வழியில் வந்தவை.

3. இனமொழிச் சான்று

ஒப்பொலிச் சொற்களை மொழியுறவுக்குச் சான்றாகக் கொள்ளலாகாது என்பது ஒப்பியல் மொழிநூலின் பொதுவிதி. தாய்லாந்து மொழியில் காக்கையின் பெயர் 'கா' என்பது. மலாய் மொழியில் 'காகாக்' என்பது. ஒரே பறவை ஒரே வகையாய்க் கரைய, தொடர்பற்ற மக்களும் ஒத்த பெயரிடுதல் இயல்பு. எனவே வடமொழிக் 'காக' என்பதும் தமிழ்க் 'காக்கை' என்பதும் ஒத்திருத்தல் ஒன்றே கொண்டு, கொடுத்தது இது, கொண்டது இது எனத் துணிதல் இயலாது.

எனினும் திராவிட மொழிகளுக்குள் நிலைமை வேறு. பரோவும் எமனோவும் 1961இல் வெளியிட்டு 1984இல் திருத்திப் பதிப்பித்த திராவிடச் சொற்பிறப்பியல் அகராதி இச்சொல்லின் இனவடிவங்களைத் தொகுத்துத் தருகின்றது. மலையாளத்தில் காக்க, தெலுங்கில் காகி, வடபுலத்துக் குரூக்கிலும் மால்தோவிலும் இதன் இனச்சொற்கள் உள்ளன. இவற்றை இரு விதிகள் கொண்டு சோதிக்கலாம்.

முதலாவது, நெட்டுயிர்க்குப் பின் தமிழில் இரட்டித்து வரும் வல்லொற்று தெலுங்கில் ஒற்றையாய், வல்லோசை குன்றாது நிற்கும். பாட்டு என்பதற்குப் பாட என்பதும் ஆட்டம் என்பதற்கு ஆட என்பதும் தெலுங்கு வடிவங்கள். காக்கைக்குக் காகி என்பதும் அவ்விதிக்கு ஒத்ததே.

இரண்டாவது விதி இதனினும் வலிமையுடையது. தமிழில் ககர முதலாய் வரும் சொற்கள், இகர ஈகாரங்களுக்கு முன்னரன்றிப் பிற உயிர்களுக்கு முன், குரூக்கில் ஆய்தம்போல் உரசும் ஒலியாகவும், மால்தோவில் உள்நாக்கையொட்டிப் பிறக்கும் ககரமாகவும் மாறும். கண் என்னும் சொல்லும், திருடுதற்பொருளில் வரும் கள் என்னும் வினையும் அம்மொழிகளில் இம்மாற்றம் பெற்றுள்ளன. காக்கையின் பெயரும் அவ்வாறே. குரூக்கில் அப்பெயரின் ககரங்கள் உரசொலிகள். மால்தோவில் அவை உள்நாக்கொலிகள். இவ்விரு மொழிகளிலும் இயல்பான ககரமும் உண்டு. சோட்டா நாகபுரியிலும் ராஜ்மகால் குன்றுகளிலும் வாழ்வோர் பறவையின் ஒலியைக் கேட்டுத் தாமே புதிதாய்ப் பெயரிட்டிருப்பின், அந்த இயல்பான ககரத்தை விடுத்துக் கண், கள் என்னும் சொற்களின் ககரம் சென்ற வழியிலேயே இருமொழியும் செல்லும் தேவை இல்லை. ஆதலின் அப்பெயர் அம்மொழிகள் பிரிதற்கு முன்னரே அமைந்து, வழிவழியாய் வந்ததெனக் கொள்ளுதலே பொருத்தம். எனவே காக்கை என்பது தமிழுக்கு வடமொழியிலிருந்து வந்ததெனக் கூற வேண்டுவதில்லை. வடமொழிச் சொல் தமிழிலிருந்து சென்றதென்பதற்கும் இச்சான்று இடந்தராது. காகம் ஒன்றே தமிழ் கடனாய்ப் பெற்ற வடிவம்.

4. விதிக்கு அடங்குவதும் அடங்காததும்

ஒப்பொலிச் சொல்லும் மொழிக்குள் புகுந்தபின் ஏனைச் சொற்போல் மாறும் என்பதற்குச் சுவிஸ் மொழியறிஞர் கூறும் சான்று நன்கறியப்பட்டது. 1916இல் வெளிவந்த சசூரின் பொதுமொழியியல் நூல், குஞ்சின் ஒலியினின்று பிறந்த 'பீபியோ' என்னும் இலத்தீன் சொல், பிரெஞ்சில் 'பிழோன்' எனத் திரிந்து புறாவின் பெயராகி, பறவையின் ஒலிக்குறிப்பை முற்றும் இழந்தமையைச் சுட்டுகின்றது. ஆங்கிலக் 'குக்கூ' இதற்கு மறுதலை. பழைய ஆங்கிலத்தில் அப்பறவைக்கு வேறொரு பெயர் இருந்தது. அதுவும் ஒப்பொலியாய்த் தோன்றியதே. ஆயின் ஒலித்திரிபால் கூவலை நினைவூட்டும் ஆற்றலை இழந்தது. பின்னர்ப் பிரெஞ்சிலிருந்து வந்த குக்கூ அதனை வழக்கிலிருந்து நீக்கிற்று. பறவை கூவுந்தோறும் மக்கள் அப்பெயரைத் திருத்திக்கொள்வதால் அது மாறாது நிற்கின்றது.

நம் மொழியில் இவ்விரு ஆற்றல்களும் ஒரு சொல்லிலேயே செயற்படக் காண்கின்றோம். பேச்சுத்தமிழில் ஐகார ஈறு குறுகி எகரமாகவோ அகரமாகவோ ஒலித்தல் இயல்பு. யானை, கழுதை என்பன ஆனெ, கழுதெ என்றாகும். காக்கையோ காக்கெ என்றாகாது, காக்கா எனவும் காக்காய் எனவும் நெடிலொடு வழங்குகின்றது. இதற்கு விளிவடிவே காரணமாதல் கூடும். ஐகார ஈற்றுப் பெயர் விளியேற்குங்கால் ஆய் ஆகும் என்பது தொல்காப்பிய விதி. அன்னை என்பது அன்னாய் ஆதல் போலக் காக்கை என்பது காக்காய் ஆகும். சோறிட்டு நாள்தோறும் விளிக்கப்படும் பறவை அது. விளித்த வடிவமே பெயராய் நிலைத்தற்குப் பறவையின் நெடிய ஒலியும் துணைநின்றது எனலாம். எழுத்து வழக்குத் தொல்வடிவைக் காக்க, பேச்சு வழக்கு மீண்டும் பறவையின் ஒலியை நாடிச் சென்றுள்ளது.

கூகையின் பெயர் இதனோடு ஒப்பிடத்தக்கது. கன்னடத்தில் அது கூகெ எனவும் கூபெ எனவும், தெலுங்கில் கூப எனவும் வழங்கும். மூன்றிலும் முதற்ககரம் மெல்லோசையுடன் ஒலிப்பது. ககரம் பகரமாதற்கு விதியில்லை. முதலெழுத்து இவ்வாறு ஒலித்தல் அம்மொழிகளின் பிற சொற்களிலும் உண்டாதலின் அதனை மட்டும் கொண்டு முடிவு செய்தல் கூடாது. எனினும் இரண்டு வேறுபாடுகளையும் சேர்த்து நோக்கின், இரவில் ஆந்தையினம் எழுப்பும் ஒலியைக் கேட்டு மக்கள் பெயரைப் புதுக்கிக் கொண்டனர் எனக் கருத இடமுண்டு. ஒப்பொலி என்னும் ஒரே வகையைச் சார்ந்த இரு பெயர்கள், வரலாற்றில் வெவ்வேறு நெறியிற் சென்றுள்ளன.

5. ஒலியின் பொருள்

பெயர் ஒலியிற் பிறந்தது. அவ்வொலிக்கு மக்கள் கற்பித்த பொருளோ வேறு. காக்கை ஒலித்தலைக் கரைதல் என்பது மரபு. கன்னடத்தில் இதன் இனச்சொல் அழைத்தலைக் குறிக்கும். தமிழிலும் அழைத்தற்பொருள் உண்டு. காக்கை தன் இரையை மறையாது சுற்றத்தைக் கூவி உண்ணும் இயல்பைத் திருவள்ளுவர் சுற்றந்தழாலில் எடுத்துக்காட்டுகின்றார். ஆண்டுக் கரைதல் என்னும் சொல் ஒலித்தல், அழைத்தல் என்னும் இரு பொருளையும் ஒருங்கே தருகின்றது. விருந்து வருதலை அறிவிப்பதாக அக்கரைதலைக் கொண்ட நம்பிக்கை குறுந்தொகையின் 210ஆம் பாட்டிற்குப் பொருளாயிற்று. அதனைப் பாடிய நச்செள்ளையார் காக்கைபாடினியார் எனப் பெயர் பெற்றார். பறவையின் ஓரொலி முதலிற் பெயராய், பின் குறியாய், இறுதியில் ஒரு புலவரின் சிறப்புப் பெயருள் ஒரு பகுதியாய் நின்றமை காண்க.

மேற்கூறியவற்றால், ஒப்பொலி என்பது ஒரு சொல்லின் தோற்றத்தை மட்டுமே விளக்கும் என்பதும், அதன் பின்னை வரலாற்றை ஒலித்திரிபு விதிகளே காட்டவல்லன என்பதும் பெறப்படும். அகராதித் தொகுப்போர் 'ஒலிக்குறிப்பு' என்று எழுதி அமைதல் போதாது. அச்சொல் இனமொழிகளில் விதிக்கு அடங்கி வந்துள்ளதா, மீண்டும் மீண்டும் புதுக்கப்பட்டதா என்பதையும் குறித்தல் வேண்டும். குயில், கோழி, குருகு முதலிய பெயர்களும் இவ்வகையில் ஆராயத்தக்கன.