ட்ரோன் பயிற்சி: பணம் கட்டுமுன் கவனிக்க வேண்டியவை

வயலுக்கு மேலே பறந்து மருந்து தெளிக்கும் ட்ரோன் கருவியை இப்பொழுது பல கிராமங்களில் காணலாம். இதை இயக்கப் பட்டப்படிப்பு தேவையில்லை. பத்தாம் வகுப்புத் தேர்ச்சி போதும். ஆகவே பள்ளிப் படிப்பை முடிக்கும் பிள்ளைகளை இப்பயிற்சிக்கு அனுப்ப விவசாயிகள் பலர் விரும்புகின்றனர். அனுப்பலாம். ஆனால் நகையை அடகு வைத்துக் கட்டணம் கட்டுமுன் சில விவரங்களைத் தெரிந்துகொள்வது நல்லது.

பயிற்சி ஏன் தேவை?

கைத்தெளிப்பானைக் கொண்டு ஏக்கர் நெல்லுக்கு மருந்து அடிக்க சுமார் 200 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். ட்ரோன் சுமார் 10 லிட்டர் கலவையைக் கொண்டு பத்து நிமிடங்களில் ஓர் ஏக்கரை முடித்துவிடும். நேரமும் ஆட்கூலியும் மிச்சம். ஆனால் தண்ணீர் குறைவதால் கலவை கெட்டியாக இருக்கும். துளிகளும் மிக நுண்ணியவை. காற்று பலமாக வீசும்போது பறக்கவிட்டால் மருந்து பக்கத்துக் காட்டிற்குப் போய்விடும். அங்கே மல்பெரி இருந்து, அந்த இலையைத் தின்றால் பட்டுப்புழுக்கள் மடியும். குளத்தில் விழுந்தால் மீன் சாகும். எனவே கருவியை ஓட்டத் தெரிந்தால் மட்டும் போதாது. காற்றின் திசை, பறக்கும் உயரம், மருந்தின் அளவு ஆகியவற்றையும் கற்றிருக்க வேண்டும்.

யார் சேரலாம்?

2021ஆம் ஆண்டு ட்ரோன் விதிகளின்படி, ட்ரோன் ஓட்டுநர் சான்றிதழ் பெற 18 வயது நிரம்பியிருக்க வேண்டும். 65 வயதுக்கு மேற்படக் கூடாது. பத்தாம் வகுப்புத் தேர்ச்சியும் அவசியம். பத்தாவது முடித்த பிள்ளைக்கு வயது 15 அல்லது 16தான் இருக்கும். அந்த வயதில் என்ன பயிற்சி பெற்றாலும் சான்றிதழ் கிடைக்காது. "இப்போதே சேருங்கள், சான்றிதழ் வாங்கித் தருகிறோம்" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

இடையில் உள்ள இரண்டு மூன்று ஆண்டுகளை வீணாக்க வேண்டியதில்லை. பிளஸ் டூ படிக்கலாம். அல்லது ஐ.டி.ஐ.யில் சேரலாம். சில ஐ.டி.ஐ.களில் ட்ரோன் பழுதுபார்க்கும் தொழில்நுட்பப் பாடம் ஆறு மாத காலம் நடத்தப்படுகிறது. ஓட்டுபவரைப் போலவே, பழுது பார்ப்பவருக்கும் கிராமத்தில் வேலை உண்டு.

முன்பு பாஸ்போர்ட் கட்டாயமாக இருந்தது. 2023ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின் வாக்காளர் அட்டை, குடும்ப அட்டை, ஓட்டுநர் உரிமம் போன்றவற்றைக் காட்டினாலே போதும்.

கேட்க வேண்டிய நான்கு கேள்விகள்

1. டி.ஜி.சி.ஏ. எனப்படும் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் அங்கீகாரம் உள்ளதா? அங்கீகாரம் பெற்ற நிலையங்களின் பட்டியலை அதன் இணையதளத்தில் பார்க்கலாம். சென்னை குரோம்பேட்டையில் அண்ணா பல்கலைக்கழகத்தின் எம்.ஐ.டி. வளாகத்திலும் இத்தகைய பயிற்சி அளிக்கப்பட்டுள்ளது. அங்கீகாரமில்லாத இடம் தரும் காகிதம் சட்டப்படி செல்லாது.

2. எந்த எடை வகைக்குச் சான்றிதழ்? 2 கிலோ வரையுள்ள, படம் பிடிக்கும் ட்ரோனில் மட்டும் பழகினால் மருந்து தெளிக்கும் ட்ரோனை ஓட்ட முடியாது. தெளிக்கும் ட்ரோன்கள் பல, 2 முதல் 25 கிலோ வரையுள்ள வகையைச் சேர்ந்தவை. தொட்டியில் உள்ள மருந்தின் எடையும் இந்தக் கணக்கில் சேரும்.

3. மருந்து தெளிக்கத் தனியாகக் கற்றுத் தருகிறார்களா? பெண்கள் சுயஉதவிக் குழுக்களுக்காக 2023இல் மத்திய அரசு அறிவித்த ட்ரோன் திட்டத்தில் 15 நாள் பயிற்சி வகுக்கப்பட்டது. அதில் ஓட்டப் பழக 5 நாள். உரம், மருந்து தெளிக்கும் முறைக்கு 10 நாள். இதிலிருந்தே விவசாயப் பயிற்சியின் முக்கியத்துவம் புரியும்.

4. கட்டணத்தில் தங்குமிடம், உணவு, சான்றிதழ் செலவு அடங்குமா? வேலை நிச்சயம் என்றால், அதை எழுத்து மூலம் தருவார்களா?

வருமானக் கணக்கு

சான்றிதழ் வாங்கியதும் வருமானம் வந்துவிடாது. கருவியின் விலை பல லட்சம் ரூபாய். ஒரு ஜோடி பேட்டரியில் பத்துப் பதினைந்து நிமிடங்களே பறக்கும். ஆகவே பல ஜோடிகளும், சார்ஜ் செய்ய ஜெனரேட்டரும் வேண்டும். பதிவு எண்ணும் மூன்றாம் நபர் காப்பீடும் கட்டாயம். விதியை மீறினால் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம்.

ஏக்கருக்கு 500 ரூபாய் கூலி, நாளுக்கு 15 ஏக்கர், ஆண்டில் 60 நாள் வேலை என்று வைத்துக்கொண்டால் வரவு 4,50,000 ரூபாய். இதில் பேட்டரி, வண்டி, எரிபொருள், உதவியாள், கடன் தவணை எல்லாம் போக மீதிதான் கையில் நிற்கும். ஊரில் அத்தனை ஏக்கர் கிடைக்குமா, ஏற்கெனவே எத்தனை ட்ரோன்கள் ஓடுகின்றன என்பதை முதலில் விசாரிக்க வேண்டும்.

தனியாகக் கருவி வாங்குவதைவிட, முதல் இரண்டு பருவங்கள் வாடகை மையத்திலோ உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்திலோ ஓட்டுநராக வேலை பார்ப்பது உத்தமம். தொழிலும் பழகும், கடனும் ஏறாது. சான்றிதழ் பத்து ஆண்டுகள் செல்லும் என்பதால் அவசரப்பட வேண்டியதில்லை. மானிய விவரங்கள் அவ்வப்போது மாறுவதால், வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்திலும் வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்திலும் நேரில் கேட்டறிந்த பின்னரே பணம் கட்டவும்.