மலைத் தெருவும் மோட்டார் விளக்கும்

மோட்டார் வண்டியின் உறுப்புகளுட் பெரும்பாலானவை பழுதுற்றால் அதனைச் செலுத்துவோரே முதலில் உணர்வர். பிறேக்குத் தளர்ந்தாற் கால் அறியும். இயந்திரம் பிழைத்தாற் காது அறியும். முன்விளக்கு மாத்திரம் இதற்கு விலக்காகும். அது பிழையான திசையை நோக்கி எரியுமாயின், செலுத்துவோர் தமது தெரு நன்கு துலங்குகின்றதென்று மகிழ்ந்திருப்பர். எதிரே வருபவரே கண் கூசித் தடுமாறுவர். அவர் குறை கூறுமுன் வண்டிகள் இரண்டும் ஒன்றையொன்று கடந்துவிடும். ஆதலின், நாமாகத் தேடிப் பார்த்தாலன்றி இக்குறை ஆண்டுக்கணக்காக அவ்வாறே கிடக்கும்.

நமது கல்லூரியிற் பயின்று, உத்தியோகத்தின் பொருட்டு மலையகஞ் சென்று வாழும் அன்பர்களுக்கு இவ்விடயம் சிறப்பாக வேண்டற்பாலது. யாழ்ப்பாணத்துச் சமதரையில் வண்டி பழகியவர்க்கு இரவுப் பிரயாணம் பெரிய காரியமன்று. ஹற்றனிலிருந்து டிக்கோயா வழியாக நோர்வூட்டுக்குச் சென்று, அங்கே மஸ்கெலியாவுக்கும் பொகவந்தலாவைக்குமாகப் பிரியும் தெருவோ வேறு வகையினது. அகலங் குறைந்தது, வளைவு மிகுந்தது, ஒரு பக்கம் மலை, மறு பக்கம் பள்ளம். ஏறத்தாழ நாலாயிரம் அடி உயரமாதலால் மூடுபனி எந்நேரமும் இறங்கலாம். தோட்டத்து லயங்களிலிருந்து கடைத்தெருவுக்கும் கோயிலுக்கும், 2017 இல் புதிய கட்டிடம் திறக்கப்பெற்ற டிக்கோயா ஆதார வைத்தியசாலைக்கும் இரவிற் செல்வோர் பலர் இத்தெருவின் ஓரமாக நடந்தே செல்வர். குளிருக்குக் கம்பளி போர்த்துக்கொண்டு இருளில் நடக்கும் ஒருவரை வண்டிக்காரர் காண்பதும் காணாது விடுவதும் விளக்கின் நோக்கையே பொறுத்திருக்கின்றன.

விளக்கில் இரண்டு வகை ஒளி உண்டு. தூரத்தே பாய்வதை நெடுவொளி என்றும், சாரதிமார் 'டிம்' என்று வழங்குவதைத் தாழ்வொளி என்றும் இக்கட்டுரையிற் குறிப்போம். நோக்கைச் சரிபார்ப்பதெல்லாம் தாழ்வொளியைக் கொண்டே. அதனைச் சுவரிற் பாய்ச்சினால், கீழே வெளிச்சமும் மேலே இருளுமாக இரண்டையும் பிரிக்கும் ஒரு கோடு தெளிவாகத் தோன்றும். அக்கோடு வலப்புறத்திற் கிடையாக ஓடி, விளக்கின் நேரெதிரே முறிந்து, இடப்புறத்தில் மேனோக்கி எழும். இவ்வமைப்பு ஐரோப்பாவில் 1950களின் பிற்பகுதியில் வழக்கிற்கு வந்தது. வலப்புறத்தே எதிர்வரும் சாரதியின் கண்ணுக்குக் கீழே ஒளியை அடக்குவதும், இடப்புறத்தே தெருவோரத்தையும் அங்கே நடப்பவரையும் சற்று உயரத்தூக்கிக் காட்டுவதுமே அதன் நோக்கம். யப்பானிலும் இங்கிலாந்திலும் நம்மைப் போலவே வண்டிகள் இடப்பக்கம் ஓடுவதால், அந்நாடுகளின் தெருவுக்கென ஆக்கப்பட்ட விளக்குகள் நமக்குப் பொருந்தும். வலப்பக்கம் ஓடும் தேசங்களுக்கென ஆக்கப்பட்டவற்றில் ஒளி எழும் புறம் மாறிவிடும். அத்தகைய விளக்கை மலிவாகக் கிடைத்ததென்று வாங்கிப் பூட்டினால், எந்தத் திருகாணியைத் திருப்பியும் குற்றம் நீங்காது.

இனி அளவைக் கவனிப்போம். சாதாரணக் காரில் விளக்கின் நடுப்பகுதி நிலத்திலிருந்து ஏறத்தாழ 65 சென்ரிமீற்றர் உயரத்தில் இருக்கின்றதென்று கொள்க. அதன் ஒளி நூற்றுக்கு ஒன்று என்னும் விகிதத்திற் கீழ்நோக்கிச் சாய்ந்திருந்தால், 10 மீற்றர் தூரத்திற் 10 சென்ரிமீற்றர் இறங்கி, 65 மீற்றர் தூரத்திற் சமதரையைத் தொடும். இதுவே பெரும்பாலான கார்களுக்கு ஏற்ற அளவு. ஐரோப்பிய வண்டிகளில் விளக்கருகே உள்ள தகட்டில் இவ்விகிதம் பொறிக்கப்பட்டிருக்கும். விளக்கு ஒரு மீற்றருக்கு மேல் உயர்ந்திருக்கும் லொறி, பஸ் முதலியவற்றிற்கு நூற்றுக்கு ஒன்றரை முதல் இரண்டு வரை சாய்வு வேண்டும்.

நூற்றுக்கு மூன்றாகத் தாழ்த்திவிட்டால் யாது நிகழும்? ஒளி 22 மீற்றருக்குள் நிலத்தில் விழுந்துவிடும். மணிக்கு 40 கிலோமீற்றர் வேகத்திற் செல்லும் வண்டி, சாரதி அபாயத்தைக் கண்டு பிறேக்கை மிதிக்கும் ஒரு செக்கனில் 11 மீற்றர் ஓடிவிடும். நனைந்த தெருவில் நிற்பதற்கு மேலும் 12 மீற்றர் வேண்டும். ஆக 23 மீற்றர். இறக்கத்தில் இன்னுங் கூடும். ஒளி காட்டும் தூரத்துக்குள் வண்டி நில்லாது. எதிர்வருவோர்க்கு இடைஞ்சல் வேண்டாமென்று விளக்கை அளவுக்கு மீறித் தாழ்த்தும் நல்ல மனத்தினர், தெருவோரத்தில் நடப்பவரை மறந்துவிடுகின்றனர்.

மறுபுறமாக, நூற்றுக்கு ஒன்று மேனோக்கி இருந்தால், 50 மீற்றர் தூரத்தில் ஒளியின் மேல்விளிம்பு 115 சென்ரிமீற்றர் உயரத்தில் நிற்கும். அது காரில் அமர்ந்து வருபவரின் கண்மட்டமாகும். 10 மீற்றருக்கு அப்பாலுள்ள சுவரிற் பார்த்தால், சரியான கோட்டுக்கும் இப்பிழையான கோட்டுக்கும் இடையே உள்ள தூரம் 20 சென்ரிமீற்றரே. ஒரு சாணுக்கும் குறைவு!

இச்சாண் அளவு எவ்வளவு எளிதிற் பிழைக்குமென்பதை மார்கழி முதல் வைகாசி வரையான சிவனொளிபாதமலை யாத்திரைக் காலத்திற் காணலாம். நாட்டின் பல பாகங்களிலிருந்தும் வரும் வான்களும் பஸ்களும் டிக்கோயாவை இரவில் ஊடறுத்து நல்லதண்ணிக்குச் செல்லும். பின் ஆசனங்களில் ஆட்கள் நிறைந்திருப்பர்; அவர்களுக்குப் பின்னே மூட்டைகள். முன் சில்லுக்கும் பின் சில்லுக்கும் இடைத்தூரம் இரண்டரை மீற்றராகவுள்ள வண்டியில், பாரத்தினாற் பின்புறம் 5 சென்ரிமீற்றர் தாழ்ந்தால், முன்புறம் நூற்றுக்கு இரண்டு நிமிரும். வீட்டு வாசலிற் சரியாயிருந்த விளக்கு ஹற்றனைத் தாண்டும்போது பிறர் கண்ணைப் பறிக்கும் விளக்காகிவிடும். இக்கால வண்டிகள் பலவற்றில் சாரதியின் முன்னே 0 முதல் 3 வரை இலக்கமிட்ட ஒரு சிறு சக்கரம் உண்டு. பாரம் ஏற ஏற இலக்கத்தைக் கூட்டினால் ஒளி தாழும். அதன் பயன் அறியாமலே வண்டியை விற்றுவிடுவோரும் உளர்.

சரிபார்க்கும் முறையைக் கூறும் நூல்களெல்லாம், 'சமதரையில், நிலைக்குத்தான சுவருக்கு எதிரே வண்டியை நிறுத்துக' என்றே தொடங்கும். யாழ்ப்பாணத்தில் இது எளிது. டிக்கோயாவிற் சமதரைக்கு எங்கே போவது? பாடசாலை மைதானம் சமமாயிருந்தாற் சுவர் இராது; சுவருள்ள இடத்தில் நிலம் சரிந்திருக்கும். தோட்ட மக்கள் 'ஸ்டோர்' என்று வழங்கும் தேயிலைத் தொழிற்சாலையின் முற்றமே பல இடங்களில் வாய்ப்பானது. அதுவும் மழைநீர் வழிந்தோடச் சற்றுச் சாய்த்தே கட்டப்பட்டிருக்கும். கண்ணுக்குச் சமமாகத் தோன்றும் முற்றம் நூற்றுக்கு இரண்டு சாய்ந்திருப்பது புதுமையன்று. மேலே நாம் கண்ட பிழை முழுவதையும் அச்சாய்வு ஒன்றே உண்டாக்கிவிடும்.

பௌதிகம் பயின்ற அன்பர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். விளக்கின் சாய்வு வானத்தையோ கடல்மட்டத்தையோ கொண்டு அளக்கப்படுவதன்று. நான்கு சில்லுகளும் நிற்கும் தளத்தைக் கொண்டே அது அளக்கப்படும். ஏனெனில், வண்டி தான் செல்லும் தெருவோடு சேர்ந்தே ஏறியும் இறங்கியும் சாயும். ஆகவே நிலம் சமமாக இருத்தல் இன்றியமையாததன்று. அதன் சாய்வை நாம் அறிந்திருத்தலே போதும். அதனை அறியும் கருவியோ எந்த மேசனிடமும் உண்டு. நீர் நிரப்பிய, ஒளி ஊடுருவும் நீண்ட றப்பர்க் குழாயே அது. அதன் இரு முனைகளிலும் நீர் ஒரே மட்டத்தில் நிற்கும்.

முதலில் வண்டியை ஒழுங்குசெய்தல் வேண்டும். சில்லுகளிற் காற்றைச் சரியாக நிரப்பி, சாரதியின் ஆசனத்தில் ஒருவரை இருத்தி, சிறு சக்கரத்தை 0 இல் வைத்து, விளக்கின் கண்ணாடியைத் துடைத்து, வண்டியின் முன்னும் பின்னும் அமுக்கிவிட்டு வில்லுகள் தத்தம் நிலைக்கு வர விடுக. விளக்கிலிருந்து சுவர் 10 மீற்றர் தூரத்தில் இருக்கட்டும். நீர்க் குழாயின் ஒரு முனையை விளக்கின் நடுவிற் பிடித்து, மறு முனை காட்டும் மட்டத்தைச் சுவரிற் சுண்ணக்கட்டியாற் குறிக்க. அடுத்து அதே குழாயினால், முன் சில்லும் பின் சில்லும் நிற்கும் நிலங்களின் உயர வேறுபாட்டை அளக்க. உதாரணமாக, பின் சில்லு நிற்கும் நிலம் 5 சென்ரிமீற்றர் உயர்ந்திருக்கின்றதென்று வைத்துக்கொள்வோம். சில்லுகளின் இடைத்தூரம் இரண்டரை மீற்றராயின், வண்டி நூற்றுக்கு இரண்டு முன்னோக்கித் தாழ்ந்து நிற்கின்றது. அதற்காகச் சுவர்க்குறியிலிருந்து 20 சென்ரிமீற்றர் இறங்குக. விளக்கிற்கு உரிய சாய்வுக்காக மேலும் 10 சென்ரிமீற்றர் இறங்குக. ஆக 30 சென்ரிமீற்றர் கீழே ஒரு கிடைக்கோடு கீறுக. முன் நிலம் உயர்ந்திருந்தால் முதல் அளவை இறக்காமல் ஏற்றுதல் வேண்டும். விளக்கு ஒவ்வொன்றின் நேரெதிரேயும் ஒரு நிலைக்குத்துக் கோடும் தேவை. வண்டி இடமோ வலமோ சரிந்து நில்லாதிருப்பது நன்று.

இருட்டியபின் தாழ்வொளியை ஏற்றி, ஒரு விளக்கைச் சாக்கினால் மறைத்து மற்றையதைப் பார்க்க. சூடேறிப் பழுதாகுமாதலால் நெடுநேரம் மறைத்திருத்தல் ஆகாது. விளக்கின் பின்புறத்தே இரண்டு திருகாணிகள் உண்டு. ஒன்று ஒளியை மேலுங் கீழும், மற்றையது பக்கவாட்டிலும் அசைக்கும். ஒளியின் கிடைப்பகுதி நாம் கீறிய கோட்டிற் பொருந்தவும், அது முறிந்து எழும் முனை நிலைக்குத்துக் கோட்டிற் பொருந்தவும் திருப்புக. இறுதித் திருப்பு எப்பொழுதும் மேனோக்கியதாக இருத்தல் வேண்டும். அதிர்வினால் விளக்குத் தளர்ந்து இறங்காதிருக்க இஃது உதவுமென்பது கராச்சுகளிற் பழகியோர் வழக்கம். இன்னும் சிலர் அன்போடு பேணிவரும் மொறிஸ் மைனர் போன்ற பழைய வண்டிகளின் விளக்குகளிற் கோடு இத்துணைத் தெளிவாகத் தோன்றாது. அவற்றில் நெடுவொளியின் மிகப் பிரகாசமான பகுதி, விளக்கின் நேரெதிரே சற்றுத் தாழ்ந்து விழுமாறு வைத்தாற் போதும்.

திருகாணியால் தீராத ஒரு குறையையும் ஈண்டுக் கூறாது விடுதல் தகாது. பழைய ஹலோஜின் குமிழின் உள்ளே, தாழ்வொளி தரும் இழையின் கீழ் ஒரு சிறு உலோகக் கிண்ணம் உண்டு. அது விளக்கின் கீழ்ப்பாதித் தெறியில் ஒளி படாது தடுக்கும். தடுக்காவிடின் அவ்வொளி தெறித்து மேனோக்கிப் பாயும். இழையின் இடம் மிகச் சிறிது விலகினும் கோடு கலைந்துவிடும். அவ்வாறு ஆக்கப்பட்ட விளக்கினுள், கடையில் விற்கும் வெண்ணிற எல்.இ.டி. குமிழைச் செருகினால் ஒளி பெருகும், ஒழுங்கு குலையும். இன்று மலைத் தெருக்களிற் கண் கூசுவதற்குக் கோணிய விளக்குகளிலும் இக்குமிழ்களே பெருங் காரணம் என்பது நமது துணிபு. எல்.இ.டி. குமிழுக்கென்றே முதலிலிருந்து ஆக்கப்பட்ட விளக்குகளை நாம் குறை கூறவில்லை.

மூடுபனியைப் பற்றியும் ஒரு வார்த்தை. பனியின் நீர்த்துளிகள் ஒளியைப் பின்னோக்கிச் சிதறச் செய்யும். நெடுவொளியை ஏற்றினால் கண் முன்னே வெள்ளைத் திரை ஒன்று விழுந்ததுபோலாகும். விளக்குச் சற்று நிமிர்ந்திருப்பினும் அதே நிலைதான். பிறர்க்கு இழைக்கும் தீங்கு தமக்கே திரும்பி வருவது இவ்வொரு சமயத்திலேதான்! மஞ்சள் ஒளி பனியைத் துளைக்குமென்ற நம்பிக்கை பரவலாக உண்டு. பிரான்சு தேசத்தில் 1993 வரை முன்விளக்குகள் மஞ்சளாகவே இருந்தன. ஆனால் பனித்துளி ஒளியலையினும் பன்மடங்கு பெரிதாதலால், நிறத்தினால் விளையும் வேறுபாடு அற்பமே. விளக்குத் தாழ்ந்திருப்பதும் வேகம் குறைந்திருப்பதுமே பயன் தருவன.

விளக்கைச் சரியாக நிறுத்திய பின்னரும் மலைத் தெரு தரும் சில இடர்கள் எஞ்சும். மேடு ஒன்றின் உச்சியைத் தாண்டும் வண்டியின் ஒளி, எதிர்ப்புறத்தில் ஏறிவருபவரை நேரே தாக்கும்; ஏனெனில் அவர் ஒளிக்கோட்டுக்குக் கீழே நிற்கின்றார். பள்ளத்தில் இறங்கும்போதோ ஒளி குறுகி எதிரேயுள்ள ஏற்றத்திற் புதைந்துவிடும். வளைவில் அது தெருவை விட்டு விலகி, மலைச்சுவரிலோ பள்ளத்து வெளியிலோ போய் விழும். காசல்றீ நீர்த்தேக்கத்தை அடுத்த வளைவுகளில் இரவிற் செல்வோர் இதனை நன்கு அறிவர். இவ்விடங்களில் ஒளி வந்து சேரும் வரை வண்டி மெல்லச் செல்லுதலே வழி.

குமிழ் மாற்றிய போதும், வில்லு மாற்றிய போதும், முன்புறம் எங்கேனும் மோதித் திருத்திய போதும் மீண்டும் அளத்தல் வேண்டும். ஒருமுறை அளந்த முற்றத்தில் சில்லுகள் நின்ற இடங்களை வர்ணத்தாற் குறித்து, நிலச் சாய்வின் அளவையும் சுவரில் எழுதிவைத்தால், அடுத்த முறை நீர்க் குழாய் தேவைப்படாது. அவ்விடத்திலேயே நிற்கும் வேறு வண்டிகளுக்கும் அவ்வளவு உதவும். சில்லுகளின் இடைத்தூரத்தையும் விளக்கின் உயரத்தையும் மாத்திரம் வண்டிக்கு வண்டி புதிதாக அளந்துகொள்ள வேண்டும்.