டீச்சர்கிட்ட சொல்ல முடியாததை யார்கிட்ட சொல்றது? - பிகார் பள்ளிகளில் கிடைத்த பதில்

பிள்ளைக்கு டிப்ரஷன் இல்லை. அப்போ மனநலம் நல்லா இருக்குன்னு அர்த்தமா? உலக சுகாதார நிறுவனம் அப்படிச் சொல்லவில்லை. தன் திறமையை உணர்வது, அன்றாட நெருக்கடிகளைச் சமாளிப்பது, நன்றாகப் படிக்கவும் வேலை செய்யவும் முடிவது, தன் சமூகத்துக்குப் பங்களிப்பது என எல்லாம் சேர்ந்ததுதான் மனநலம்.

நம்ம ஊரில் இந்தப் பேச்சு எழுவதே பெரும்பாலும் ரிசல்ட் வரும் வாரத்தில்தான். ‘மனசைத் தைரியமா வெச்சுக்கோ’ என்ற அட்வைஸோடு அது முடிந்தும்விடும். மாணவருக்கு அட்வைஸ் செய்வதை விட்டுவிட்டு, பள்ளியை மாற்றிப் பார்த்தால் என்ன?

பிகாரின் நாளந்தா மாவட்டத்தில் அதைத்தான் செய்து பார்த்தார்கள். ‘சங்கத்’ என்ற தொண்டு நிறுவனத்தின் ‘செஹர்’ திட்டம் அது. 74 அரசுப் பள்ளிகள், 9ஆம் வகுப்பு மாணவர்கள் 13,000 பேருக்கும் மேல். சில பள்ளிகளில் பயிற்சி பெற்ற ஆலோசகர் ஒருவரை நியமித்தார்கள். இவர் மனநல நிபுணர் அல்ல. இன்னும் சில பள்ளிகளில் அதே வேலையை அங்குள்ள ஆசிரியரே செய்தார். மீதிப் பள்ளிகளில் வழக்கமான வாழ்க்கைத் திறன் வகுப்பு மட்டும்.

வேலை என்ன? பெரிய தெரபி எல்லாம் இல்லை. பெயர் போடாமலே புகாரை எழுதிப் போட ஒரு பெட்டி, சுவர்ப் பத்திரிகை, போட்டிகள், காலை பிரேயரில் கொஞ்சம் பேச்சு, தேவைப்பட்டால் தனியாக உட்கார்ந்து பேசுவது. அவ்வளவுதான்.

எட்டு மாதம் கழித்துப் பார்த்தபோது, ஆலோசகர் இருந்த பள்ளிகளில் சூழல் மேம்பட்டிருந்தது. மனச்சோர்வு அறிகுறிகளும், ஒருவரை ஒருவர் சீண்டி மிரட்டுவதும் குறைந்திருந்தன. ஆசிரியர் நடத்திய பள்ளிகளில்? சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசமே இல்லை! 2018இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் இந்த முடிவுகள் வெளிவந்தன. அடுத்த ஆண்டும் திட்டத்தைத் தொடர்ந்தபோது, ஆலோசகர் இருந்த பள்ளிகளின் பலன் இன்னும் கூடியது.

ஆசிரியர்களைக் குறை சொல்ல இதில் ஒன்றுமில்லை. சிலபஸை முடிக்க வேண்டும், பேப்பர் திருத்த வேண்டும், நடுவில் தேர்தல் வேலை வேறு. அதைவிட முக்கியம், மார்க் போடுகிறவரிடமே ‘எனக்குப் படிக்கவே பிடிக்கல சார்’ என்று எந்தப் பையன் சொல்வான்?

‘ஸ்கூலுக்கு ஒரு ஆள் போட பட்ஜெட் எங்கே?’ என்பது நியாயமான கேள்விதான். ஆனால் நாளந்தாவில் இந்த வேலைக்கு மனநல டாக்டர் தேவைப்படவில்லை. மார்க் போடாத, காது கொடுத்துக் கேட்கிற ஓர் ஆள் தேவைப்பட்டார்.

அப்படி ஓர் ஆள் உங்கள் வீட்டுப் பிள்ளையின் பள்ளியில் இல்லையென்றால், மத்திய அரசின் ‘டெலி மானஸ்’ உதவி எண் 14416. 24 மணி நேரமும் இலவசம். தமிழிலும் பேசலாம்.