டிராக்டர் சர்வீஸில் இழுத்தடிக்கிறார்களா? எழுத்தில் வாங்குங்கள்!

திருவாரூர் மாவட்டத்தில் ஆறு ஏக்கரில் சம்பா நெல் சாகுபடி செய்கிறார் அந்த விவசாயி. வங்கிக் கடனில் டிராக்டர் வாங்கி இரண்டு வருடம்கூட முடியவில்லை. சொந்த வயல் வேலை போக, அக்கம்பக்கத்து வயல்களில் உழவு ஓட்டித்தான் ஆறு மாதத்துக்கு ஒருமுறை வரும் தவணையைக் கட்டுகிறார்.

புரட்டாசி மாதத் தொடக்கம். நாற்றங்காலில் நாற்று தயாராக நிற்கிறது. சேற்றுழவு ஓட்டிக்கொண்டிருக்கும்போது, தூக்கிய ரோட்டவேட்டர் நிற்காமல் மெல்ல மெல்லக் கீழே இறங்கியது. லீவரை எத்தனை முறை தூக்கினாலும் அதே கதைதான். டீலரின் ஒர்க்‌ஷாப்புக்கு ஓட்டிப் போனார்.

"விட்டுட்டுப் போங்கய்யா, சாயந்தரம் எடுத்துக்கலாம்" என்றார் சூப்பர்வைசர். அந்தச் சாயந்தரம் நான்காம் நாள்தான் வந்தது. ஹைட்ராலிக் ஆயில், ஃபில்டர் மாற்றியதாகப் பில் போட்டிருந்தார்கள். அவர் சொல்லாத ஏர் ஃபில்டரும் வாட்டர் வாஷும் அதில் சேர்ந்திருந்தன. வேலை அவசரத்தில் பணத்தைக் கட்டி வண்டியை எடுத்து வந்தார். இரண்டாம் நாள் வயலில் ரோட்டவேட்டர் மறுபடியும் இறங்கியது.

திரும்பப் போனபோது, "ஸ்பேர் கம்பெனியில இருந்து வரணும்யா" என்றார்கள். பத்து நாள் ஓடியது. போன் செய்தால் எடுப்பதில்லை, எடுத்தால் "நாளைக்கு". ஒருநாள், "உங்க டிரைவர் ஓட்டுறது சரியில்லை, அதான் கோளாறு" என்றும் சொல்லிவிட்டார்கள். அந்த வண்டிக்கு டிரைவர் அவரேதான்.

நாற்று யாருக்காகவும் காத்திருக்காது. வயது கூடிய நாற்றை நட்டால் தூர் குறையும். தூர் குறைந்தால் கதிர் குறையும். வேறு வழியில்லாமல் மணிக்கணக்கில் வாடகை கொடுத்து அடுத்த ஊர் டிராக்டரை வைத்து நட்டு முடித்தார். சொந்த வண்டி ஒர்க்‌ஷாப்பில் நிற்க, வெளி உழவில் வரவேண்டிய வருமானமும் போயிற்று.

கடைசியில் நேரில் போய்ச் சத்தம் போட்டார். சூப்பர்வைசர் கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார். முதல் முறை வண்டி வந்ததற்கான பதிவில் 'ஜெனரல் சர்வீஸ்' என்று மட்டும் இருந்தது. "லிஃப்ட் இறங்குதுன்னு நீங்க அப்ப சொல்லவே இல்லையேய்யா!"

அவர் வாயால் சொன்னது உண்மை. ஆனால், அது எங்கும் எழுதப்படவில்லை.

வண்டியை விடும்போதே வேலை தொடங்குகிறது

சர்வீஸில் ஏமாற்றமடைந்த விவசாயிகள் பலர், பிரச்னை முற்றிய பிறகுதான் ஆதாரம் தேடுகிறார்கள். வண்டியை விடும் அந்தப் பத்து நிமிடத்தில்தான் பாதி வேலை இருக்கிறது. அப்போது தரப்படும் 'ஜாப் கார்டு' என்ற தாளை வெறும் டோக்கன் என்று நினைத்துவிடக் கூடாது. வண்டியை எதற்காக ஒப்படைத்தோம், அவர்கள் எதற்குப் பொறுப்பேற்றார்கள் என்பதற்கு அதுதான் சாட்சி. கையெழுத்துப் போடும் முன் இவற்றைப் பாருங்கள்.

1. குறையை உங்கள் வார்த்தையிலேயே எழுதச் சொல்லுங்கள். 'ஹைட்ராலிக் செக்கப்' என்று எழுதினால் போதாது. 'ரோட்டவேட்டரைத் தூக்கினால் நிற்காமல் இறங்குகிறது. ஆயில் சூடான பிறகு அதிகமாகிறது' என்று இருக்க வேண்டும். மெக்கானிக்குக்கும் அதுதான் வழிகாட்டும்.

2. ஹவர் மீட்டர் எண், தேதி, டீசல் அளவு மூன்றும் பதிவாக வேண்டும். வாரண்டி என்பது பொதுவாக இத்தனை ஆண்டு அல்லது இத்தனை மணி நேரம், எது முதலில் வருகிறதோ அதுவரை. ஆகவே ஹவர் மீட்டர் எண் முக்கியம். செல்போனில் ஒரு படமும் எடுத்துக்கொள்ளுங்கள்.

3. மதிப்பீட்டுத் தொகையையும் திருப்பித் தரும் தேதியையும் எழுதி வாங்குங்கள். 'இதற்கு மேல் செலவானால் என்னைக் கேட்ட பிறகே செய்ய வேண்டும்' என்று ஒரு வரி சேர்த்தால், கேட்காத வேலைக்கெல்லாம் பில் வராது.

4. 'கழற்றிய பழைய பாகங்களைத் திருப்பித் தரவும்' என்று எழுதுங்கள். வாரண்டியில் மாற்றும் பாகத்தைக் கம்பெனி எடுத்துக்கொள்ளும். அப்போது கண்ணால் பார்த்துவிட்டால் போதும். நீங்கள் காசு கொடுத்து மாற்றிய பாகத்தின் பழையது உங்களுடையது.

5. ஜாப் கார்டின் நகல் கையில் இல்லாமல் ஒர்க்‌ஷாப்பை விட்டுக் கிளம்பாதீர்கள். நகல் இல்லை என்றால் அந்தத் தாளைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

வண்டியைத் திரும்ப எடுக்கும்போது பணம் கட்டும் முன் ஓட்டிப் பாருங்கள். லிஃப்ட் கோளாறு என்றால் கருவியை மாட்டித் தூக்கி, சிறிது நேரம் அப்படியே நிறுத்தி, சூப்பர்வைசர் முன்னிலையிலேயே பார்க்க வேண்டும். கருவி இல்லாமல் வெறும் லிஃப்ட் கையைத் தூக்கிக் காட்டினால் கோளாறு தெரியாது; பாரம் ஏறினால்தான் கசிவு தெரியும்.

பில்லில் தகராறு வந்தால்?

வேலை செய்த கூலிக்காக வண்டியைத் தங்கள் வசம் நிறுத்திவைக்கும் உரிமை ஒர்க்‌ஷாப்புக்குச் சட்டப்படி உண்டு. ஆகவே, பணம் கட்ட மாட்டேன் என்று நின்றால் வண்டி அங்கேயே நிற்கும், பருவம் போய்விடும். அதற்குப் பதிலாகப் பில்லில் 'ஆட்சேபணையுடன் செலுத்துகிறேன். இன்ன இன்ன வேலை நான் கேட்காதது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, படம் எடுத்துக்கொண்டு, வண்டியை ஓட்டி வாருங்கள். பணம் கட்டியதாலேயே பில்லை ஒப்புக்கொண்டதாக ஆகிவிடாது.

பில் தர மறுப்பது தனிக் குற்றச்சாட்டு. பொருளுக்கோ சேவைக்கோ பில் கொடுக்காததை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 'முறையற்ற வணிக நடைமுறை' என்றே சொல்கிறது. "ஜி.எஸ்.டி. இல்லாம குறைச்சுப் போட்டுத் தர்றோம்" என்ற பேச்சுக்கு இணங்கினால், பின்னால் கேள்வி கேட்கும் உரிமையை நாமே பலவீனப்படுத்திக்கொள்கிறோம்.

நம் பக்கம் சரியாக இருக்கட்டும்

புகார் நிற்க வேண்டுமானால் நம் பக்கத்தில் ஓட்டை இருக்கக் கூடாது. இலவச சர்வீஸ் கூப்பன்களைக் குறித்த மணி நேரத்துக்குள் பயன்படுத்தாமல் விடுவது, கையேட்டில் சொல்லாத ஆயிலை ஊற்றுவது, வாரண்டி காலத்தில் வெளி மெக்கானிக்கிடம் பிரித்துப் பார்ப்பது ஆகிய மூன்றும்தான் வாரண்டியை மறுக்க டீலருக்குக் கிடைக்கும் காரணங்கள்.

சேற்றுழவு முடிந்த பிறகு ஆயில் அளவுக் கம்பியை எடுத்துப் பாருங்கள். ஆயில் பால் கலந்தது போல வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது என்று பொருள். அந்த நிலையில் ஓட்டினால் பம்பும் வால்வும் கெடும். அன்றே படம் எடுத்து டீலருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டால், 'கவனிக்காமல் ஓட்டினீர்கள்' என்ற பேச்சுக்கு இடமிருக்காது.

படிப்படியாக மேலே போங்கள்

அந்த விவசாயியிடம் சரியான கேள்வியைக் கேட்டது அவருடைய மகள்தான். "என்னப்பா எழுதிக் கொடுத்தாங்க?" ஒன்றும் இல்லை என்று தெரிந்ததும், இருவரும் உட்கார்ந்து இருந்ததையெல்லாம் சேர்த்தார்கள். முதல் பில், போன் அழைப்புகளின் பட்டியல், ரோட்டவேட்டர் இறங்குவதைக் காட்டும் ஒரு நிமிட வீடியோ, வாடகை டிராக்டருக்குக் கொடுத்த பணத்துக்கு எழுதி வாங்கிய ரசீது. பிறகு ஒரு பக்கத்தில் ஒரு கடிதம்:

'என் டிராக்டரின் சேஸிஸ் எண் இது, என்ஜின் எண் இது. இன்ன தேதியில், ஹவர் மீட்டர் இத்தனை இருக்கும்போது, ரோட்டவேட்டர் தூக்கிய நிலையில் நிற்காமல் இறங்குகிறது என்ற குறைக்காக ஒப்படைத்தேன். இவ்வளவு பணம் கட்டினேன். இன்ன தேதியில் அதே குறை திரும்பியது. இன்ன தேதி முதல் வண்டி உங்களிடம் நிற்கிறது. இதனால் வாடகை உழவுக்கு இவ்வளவு செலவானது. கடிதம் கிடைத்த 7 நாட்களுக்குள் குறையை வாரண்டியில் சரிசெய்து தரவும். தவறினால் நுகர்வோர் ஆணையத்தை அணுகுவேன்.'

திட்டு இல்லை, மிரட்டல் இல்லை. தேதி, எண், தொகை, கோரிக்கை இவ்வளவுதான். டீலருக்கு ஒன்று, சர்வீஸ் கையேட்டில் இருந்த கம்பெனி முகவரிக்கு ஒன்று எனத் தபாலில் அனுப்பி ரசீதை வைத்துக்கொண்டார்கள். டீலர் தனி வியாபாரி. வாரண்டி தருவது கம்பெனி. இருவருக்கும் எழுதினால்தான் ஒருவர் மீது ஒருவர் பழி போட முடியாது.

அதற்கும் பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம். கட்டணம் இல்லை, தமிழிலும் பேசலாம். இது நீதிமன்றம் அல்ல. உங்கள் புகாரைப் பதிவு செய்து, எண் கொடுத்து, கம்பெனிக்கு அனுப்பிப் பதில் கேட்பார்கள். வழக்குக்குப் போகாமலேயே முடிய இது ஒரு வழி.

அடுத்தது மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். கம்பெனியின் தலைமையகம் எந்த மாநிலத்தில் இருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனு கொடுக்கலாம். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் மனுக் கட்டணம் இல்லை; 5 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரை 200 ரூபாய். வக்கீல் வைத்துத்தான் ஆக வேண்டும் என்பதில்லை, நீங்களே வாதாடலாம். பிரச்னை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் மனு செய்ய வேண்டும். டீலர், கம்பெனி இருவரையும் எதிர்த்தரப்பில் சேருங்கள்.

'டிராக்டரை வாடகைக்கு ஓட்டுகிறீர்கள், அது வியாபாரம். நீங்கள் நுகர்வோர் இல்லை' என்று எதிர்த்தரப்பு சொல்லக்கூடும். சுயதொழில் செய்து பிழைப்பு நடத்துவதற்காக மட்டுமே வாங்கிய பொருள் வணிக நோக்கத்தில் சேராது என்று சட்டமே விளக்கம் தருகிறது. தானே ஓட்டி, அதில் வரும் வருமானத்தில் குடும்பம் நடத்துபவர் பயப்பட வேண்டியதில்லை. நான்கைந்து வண்டி வைத்து ஆள் போட்டு ஓட்டுபவருக்குத்தான் சிக்கல். விதை தொடர்பான வழக்கு ஒன்றில், விவசாயியும் நுகர்வோரே என்று 2012-ஆம் ஆண்டிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

பருவத்தைக் காப்பாற்றுவது முதல் வேலை

புகார் ஒருபக்கம் நடக்கட்டும், வயல் காத்திருக்காது. வண்டி ஒர்க்‌ஷாப்பில் நிற்கும் நாட்களுக்கு, வேளாண்மைப் பொறியியல் துறையின் வாடகை இயந்திரங்களைக் கேட்டுப் பாருங்கள். பருவத்தில் கிராக்கி இருக்கும் என்பதால் முதல் நாளே பதிவு செய்துவிடுங்கள். தனியாரிடம் வாடகைக்கு எடுத்தால் தேதி, மணி நேரம், தொகை, ஓட்டியவர் கையெழுத்துடன் துண்டுச் சீட்டாவது வாங்கிக்கொள்ளுங்கள். நஷ்டஈடு கேட்கும்போது அந்தச் சீட்டு இல்லாமல் தொகையை நிரூபிப்பது கடினம்.

சீசன் தொடங்க ஒரு மாதம் இருக்கும்போதே, ஒர்க்‌ஷாப்பில் கூட்டம் இல்லாத நாளில் சர்வீஸை முடித்துவிடுவது எல்லாவற்றையும்விட நல்லது. சிறிய கோளாறு என்றால் வயலுக்கே மெக்கானிக்கை அனுப்ப முடியுமா என்றும் கேளுங்கள். பல டீலர்கள் அனுப்புகிறார்கள்.

அந்த விவசாயியின் கடிதம் போய்ச் சேர்ந்த ஆறாம் நாள் கம்பெனியிலிருந்து இன்ஜினீயர் வந்தார். லிஃப்டைப் பிரித்துப் பார்த்தார். உள்ளே பிஸ்டன் சீல் வெட்டுப்பட்டு ஆயில் கசிந்துகொண்டிருந்தது. முதல் நாளே பிரித்திருந்தால் தெரிந்திருக்கும். வாரண்டியில் மாற்றிக் கொடுத்தார்கள். கேட்காத வேலைக்குப் போட்ட பணமும் திரும்பி வந்தது.

வாடகை உழவுக்குக் கொடுத்த பணத்தைப் பற்றி மட்டும் யாரும் வாய் திறக்கவில்லை. அதற்காக நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதா என்று அப்பாவும் மகளும் யோசித்துக்கொண்டிருக்கிறார்கள். ரசீதுகள் பத்திரமாக இருக்கின்றன. இரண்டு வருட அவகாசமும் இருக்கிறது.

தை மாதத்தில் அடுத்த சர்வீஸுக்குப் போனபோது சூப்பர்வைசர் வழக்கம்போல, "விட்டுட்டுப் போங்கய்யா" என்றார். அவர் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, "முதல்ல எழுதுங்க தம்பி, படிச்சுப் பார்த்துட்டுப் போறேன்" என்று சொல்லி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.