திறப்பு யார் கையில்?

படுவான்கரைக் கிராமமொன்றில் மாதர் சங்கக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். சேமிப்புக் கணக்குப் பார்த்து முடிந்ததும் பேச்சு ஒரு விபத்தின் பக்கம் திரும்பியது. அந்த ஊர்ப் பையன் ஒருவன், வயது பதினாறு, பொழுது மங்கும் நேரத்தில் மோட்டார் சைக்கிளில் வேகமாகப் போய், மீன் விற்றுவிட்டுச் சைக்கிளில் திரும்பிக்கொண்டிருந்த ஒருவரை மோதிவிட்டான். பையனுக்குக் கால் முறிந்தது. அந்த வருடம் அவனால் சாதாரண தரப் பரீட்சை எழுத முடியவில்லை. மீன் விற்பவருக்கு இடுப்பில் அடி. பல மாதங்கள் அவர் தொழிலுக்குப் போகவில்லை. அந்த வீட்டிலும் மூன்று பிள்ளைகள்.

"இந்தப் பொடியன்களுக்கு இருபத்தொரு வயசு வரைக்கும் லைசன்ஸ் குடுக்கக் கூடாது மிஸ். சட்டத்தை மாத்தச் சொல்லி எழுதுங்க" என்றார் ஒரு அக்கா. பலரும் தலையாட்டினார்கள். பையனின் தாயும் அங்கே இருந்தார். தலையைக் குனிந்தபடியே சொன்னார்: "என்ட மகனுக்குப் பதினாறுதானே. லைசன்ஸ் எடுத்தா ஓடினவன்? திறப்பக் குடுத்தது நான்."

யாரும் பேசவில்லை. அந்த வார்த்தைதான் என்னை இதை எழுத வைத்தது.

வயதை உயர்த்தினால் போதுமா?

எமது நாட்டில் மோட்டார் சைக்கிள் ஓட்ட அனுமதிப்பத்திரம் பெறுவதற்கு 18 வயதாக வேண்டும். விபத்துகள் கூடும்போதெல்லாம் வயதை உயர்த்தும் பேச்சும் எழுகிறது. 2017ஆம் ஆண்டளவில், முச்சக்கர வண்டியை வாடகைக்கு ஓட்டுபவரின் குறைந்த வயதை 35 ஆக்கும் யோசனை கூட முன்வைக்கப்பட்டது. ஓட்டோ ஓட்டிக் குடும்பத்தைப் பார்க்கும் இளைஞன் எங்கே போவான் என்ற கேள்வி அப்போது எழுந்தது.

வெளிநாடுகளிலும் இந்த விவாதம் உண்டு. நியூசிலாந்தில் 15 ஆக இருந்த வயதை 2011இல் 16 ஆக உயர்த்தினார்கள். ஆனால் அங்கே வயதை மட்டும் நம்பியிருக்கவில்லை. புதிதாக ஓட்டுபவர் முதலில் பழகுநர். அடுத்த கட்டத்தில் இரவு பத்து மணிக்குப் பின் தனியே ஓட்டவோ, நண்பர்களை ஏற்றிச் செல்லவோ தடை. அதன் பிறகே முழு அனுமதி. இந்தியாவில் 2019இல் சட்டத்தைத் திருத்தினார்கள். வயது குறைந்த பிள்ளை வாகனம் ஓட்டிக் குற்றம் செய்தால், பாதுகாவலருக்கோ வாகன உரிமையாளருக்கோ மூன்று வருடம் வரை சிறையும் 25,000 ரூபாய் தண்டமும் விதிக்கலாம். அந்தப் பிள்ளைக்கு 25 வயது வரை அனுமதிப்பத்திரம் கிடையாது.

எமது ஊரில் நடந்த விபத்தைப் பாருங்கள். பையனுக்கு வயது பதினாறு. சட்டம் பதினெட்டு என்றாலும் இருபத்தொன்று என்றாலும் அவன் அன்று ஓடித்தான் இருப்பான். இருக்கிற பதினெட்டையே நாங்கள் காப்பாற்றவில்லை.

ஏன் கொடுக்கிறோம்?

தாயைக் குற்றவாளியாக்குவது எளிது. ஆனால் அந்த வீட்டின் நிலையைப் பார்க்க வேண்டும். கணவர் யுத்த காலத்தில் காணாமற் போனவர். தாய்க்குச் சர்க்கரை நோய். மாதாந்தக் கிளினிக், மகளின் மாலை ரியூசன், கடை கண்ணி எல்லாவற்றுக்கும் ஓடித் திரிய ஆள் வேண்டும். ஐந்து மணிக்குப் பிறகு அந்தப் பக்கம் பஸ் இல்லை. கல் அரிந்து சேர்த்த காசைக் கட்டி, தன் பெயரிலேயே லீசிங்கில் மோட்டார் சைக்கிள் எடுத்தார். "வீட்டில இருக்கிற ஒரே ஆம்பிள அவன்தானே" என்று திறப்பைக் கொடுத்தார்.

றோட்டும் மாறிவிட்டது. மண்முனையில் பாதைக்குக் காத்திருந்து வாவியைக் கடந்த காலம், 2014இல் பாலம் திறந்ததோடு போய்விட்டது. குண்டும் குழியுமாக இருந்த வீதிகள் பல இன்று காப்பெற். அதே வீதியில்தான் மாடும், சைக்கிளும், நடந்து போகிற பள்ளிப் பிள்ளைகளும் போகிறார்கள். வேகத்தை மட்டும் றோட்டுக் கொடுக்கிறது. நிதானத்தை யார் கொடுப்பது?

ஒன்றை நினைத்துப் பார்க்கிறேன். நான் சிறுமியாக இருந்த காலத்தில், "என்ட பிள்ளைக்கு இன்னும் பதினெட்டு ஆகல்ல" என்று பிறப்புச் சான்றிதழைக் கையில் பிடித்துக்கொண்டு, ஆயுதம் ஏந்தக் கொண்டுபோன பிள்ளைகளைத் தேடித் திரிந்தார்கள் தாய்மார். பதினெட்டு என்ற எண்ணின் பெறுமதி எங்களுக்குத் தெரியாதா? அன்று பிள்ளையைக் காப்பதற்கு அந்தத் தாய்மாரின் கையில் அதிகாரம் இருக்கவில்லை. இன்று எங்கள் கையில் திறப்பாவது இருக்கிறது.

தாயின் தலையில் விழுவது

வாகனம் யார் பெயரில் இருக்கிறதோ அவரும் சட்டத்துக்குப் பதில் சொல்ல வேண்டும். அனுமதிப்பத்திரமில்லாதவருக்கு வாகனத்தைக் கொடுப்பதே குற்றம். அப்படிக் கொடுத்து விபத்து நேர்ந்தால், காப்புறுதிப் பணம் மறுக்கப்படவும் இடமுண்டு. அந்தத் தாய் இன்று நீதிமன்றத்துக்கும் போகிறார். உடைந்த வாகனத்துக்கு லீசிங் காசும் கட்டுகிறார். மீன் விற்பவரின் மனைவி தன் தோட்டை அடகு வைத்துவிட்டார். இரண்டு வீட்டிலும் நட்டம் பெண்ணுக்குத்தான்.

என்ன செய்யலாம்?

பிள்ளைக்குப் பதினெட்டாகி அனுமதிப்பத்திரம் வரும்வரை திறப்பு தாயிடமே இருக்கட்டும். "எல்லாப் பொடியனும் ஓடுறான்" என்ற பேச்சுக்கு ஒரு தாய் தனியே நின்று பதில் சொல்ல முடியாது. மாதர் சங்கமாக, ஊராகத் தீர்மானித்தால் முடியும். மாலை நேர பஸ்ஸுக்குப் பிரதேச செயலகத்தில் கூட்டாக மனுக் கொடுக்கலாம். பதினெட்டானதும் பிள்ளை முறையாகப் பழகி, தலைக்கவசத்தோடு ஓடட்டும்.

இன்னொன்றும் உண்டு. லீசிங்கில் எங்கள் பெயரில் எடுக்கும் வாகனத்தை நாங்கள் ஏன் ஓட்டப் பழகக் கூடாது? மருத்துவச் சான்றிதழ், எழுத்துப் பரீட்சை, பழகுநர் அனுமதி, செய்முறைப் பரீட்சை என்று படிப்படியாகப் போகலாம். எழுத்துப் பரீட்சையைத் தமிழிலேயே எழுதலாம். ஆசிரியைகளும் குடும்ப நல மாதுக்களும் ஸ்கூட்டியில் போவதை நாளும் பார்க்கிறோம். கூலி வேலைக்குப் போகும் பெண்ணுக்கு மட்டும் அது ஏன் முடியாது?

கூட்டம் முடியும்போது இதைத்தான் கேட்டேன். இளம் பெண்கள் இருவர் உடனே பெயர் கொடுத்தார்கள். அந்தத் தாய், "எனக்குப் பயமா இரிக்கு மிஸ்" என்றார். பயப்படுவதில் தவறில்லை, அக்கா. பதினாறு வயதுப் பிள்ளைக்கு அந்தப் பயம் தெரியாது. அதனால்தான் திறப்பு உங்கள் கையில் இருக்க வேண்டும்.